கணிப்பொறியின் நினைவுக் கோளாறு: அங்கத்தினர் அறிய வேண்டுவன

அருப்புக்கோட்டைத் தறிக்காரருக்கும் திருச்சுழிப் பக்கத்து மானாவாரி விவசாயிக்கும் சங்கத்தின் கணக்கே பாதுகாப்பு. வாங்கிய நூல், ஒப்படைத்த துணி, நிலுவைக் கூலி, பயிர்க்கடன், செலுத்திய தவணை ஆகிய யாவும் முன்பு பேரேட்டில் இருந்தன. அவை இன்று கணிப்பொறிக்கு மாறி வருகின்றன. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிக்குக் கொண்டுவர, 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. ஆகவே காலையில் பொத்தானை அழுத்தியும் யந்திரம் தொடங்காவிடில், அன்றைய பட்டுவாடாவே நின்றுவிடும். இவ்வாறு நேர்வதற்குரிய காரணங்களுள் ஒன்று நினைவகக் கோளாறு. அதனை இவ்விதழில் ஆராய்வோம்.

இரு வகை நினைவு

கணிப்பொறிக்கு இரண்டு நினைவுகள் உண்டு. ஒன்று, கடைக்காரர்கள் 'ராம்' என்று கூறும் தற்காலிக நினைவகம். மற்றொன்று, கணக்குகளைச் சேமித்து வைக்கும் வட்டு. முன்னதைக் கரும்பலகைக்கும் பின்னதைப் பேரேட்டுக்கும் ஒப்பிடலாம். மின்சாரம் நின்றதும் கரும்பலகை துடைக்கப்பட்டுவிடும். பேரேடு அப்படியே இருக்கும். எனவே ராம் பழுதானதால் யந்திரம் தொடங்கவில்லை என்றால், வட்டில் முன்பே பதிந்து வைத்த கணக்கு அழிந்துவிட்டது என்று கொள்ளலாகாது. இவ்வேறுபாட்டை உணராமல், பழுது பார்ப்பவர் சொன்னவுடனே வட்டைத் துடைத்துப் புதிதாக அமைக்க இசைந்துவிடுவது பெரும் நஷ்டத்தில் முடியும்.

அறிகுறிகள்

மின்சாரம் வந்ததும் கணிப்பொறி முதலில் தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறது. நினைவகம் சரியில்லையெனில் திரையில் ஒன்றும் தோன்றாது. ஆயினும் உள்ளிருக்கும் விசிறி சுழலும். சில யந்திரங்கள் ஒலியால் அறிவிக்கும். நீண்ட 'பீப்' ஒலி திரும்பத் திரும்ப வருவது ஒரு வகை. மூன்று குறுகிய ஒலிகள் வருவது மற்றொரு வகை. ஒலிக்குறிப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறுமாதலால், யந்திரத்துடன் வந்த கையேட்டைப் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும். புதிய யந்திரங்கள் சிலவற்றில் ஒலிக்குப் பதிலாக 'டிராம்' என்று குறித்த சிறு விளக்கு எரியும்.

செய்ய வேண்டியவை

தறி நின்றால் நெசவாளர் முதலில் அறுந்த இழையைத் தேடுவாரேயன்றித் தறியை மாற்றமாட்டார். அம்முறையே இங்கும் ஏற்றது.

1. சுவிட்சை அணைத்து, மின்கம்பியைப் பிளக்கிலிருந்து கழற்றுக. பின்னர்த் தொடக்கப் பொத்தானைச் சில விநாடி அழுத்தினால் எஞ்சிய மின்சாரம் வடியும். மின்சாரம் வழங்கும் உட்பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது.

2. பெட்டியின் பக்கத் தகட்டை அகற்றி, வர்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்குக. வறண்ட காலத்தில் இது மிகவும் அவசியம்.

3. ராம் பலகை செருகியிருக்கும் முறையைக் குறித்துக்கொண்டு, ஓரப் பிடிகளை விலக்கி அதனை மெல்ல எடுக்க. தறிக்கூடத்துக்கு அருகிலுள்ள அலுவலகத்தில் பஞ்சுத் தூசி செருகுவாயில் படிவது இயல்பு. தூசியைக் காற்றால் அகற்றி, பொன்னிற விளிம்பை நார் உதிராத துணியால் துடைக்க. அழுக்கு விடாவிடில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சிறிதளவு பயன்படுத்தி, நன்கு உலர விடுக. விளிம்பை விரலால் தொடலாகாது.

4. பலகையின் வெட்டுக்குறி செருகுவாயின் முகட்டுடன் பொருந்துமாறு நேராக வைத்து, பிடி 'டக்' என்று விழும்வரை அழுத்துக. செருகல் தளர்ந்திருந்ததே காரணமாயின், கோளாறு இத்துடன் தீரும்.

5. தீராவிடில், இரண்டு பலகைகள் இருப்பின் ஒவ்வொன்றையும் தனியே ஒரே செருகுவாயில் இட்டுப் பார்க்க. ஒன்றில் தொடங்கி மற்றொன்றில் தொடங்காவிட்டால் பலகையே பழுது. ஒரே பலகை ஒரு வாயில் இயங்கி மறு வாயில் இயங்காவிட்டால் செருகுவாய் பழுது. எதிலும் தொடங்காவிட்டால் கோளாறு வேறிடத்தில் இருக்கலாம். அப்போது வல்லவரை அழைப்பதே முறை.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னர் மின்கம்பியைக் கழற்ற மறக்கலாகாது.

தொடங்கிவிட்டால் போதுமா?

போதாது. சந்திரனுக்குச் சென்ற அப்போலோ கலங்களின் கணிப்பொறி நிரலை, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத் தொழிற்சாலையொன்றில் பெண்கள் கம்பியைக் கோத்துப் பின்னி அமைத்தனர். காந்த வளையத்தின் உள்ளே கம்பி சென்றால் 1. வெளியே சென்றால் 0. ஒரு கம்பி இடம் மாறினாலும் நிரல் பிழைபடும். இன்றைய ராம் சில்லு நெய்யப்படுவதில்லை எனினும் நியதி அதுவே. பாதி பழுதான நினைவகம் யந்திரத்தைத் தொடங்க விட்டு, ஓர் அங்கத்தினரின் கூலித் தொகையில் ஓர் இலக்கத்தை ஓசையின்றி மாற்றிவிடவும் கூடும்.

ஆதலால் விண்டோஸில் உள்ள நினைவகச் சோதனையையோ, 'மெம்டெஸ்ட்86' என்னும் சோதனை நிரலையோ முழுவதும் ஓடவிடுக. ஒரு பிழை காட்டினாலும், காரணம் தெரிந்து நீங்கும்வரை அதில் கணக்கு எழுதுவதை நிறுத்த வேண்டும். அண்மைப் பதிவுகளை ரசீதுகளுடன் ஒத்துப் பார்ப்பதும் கடமையாகும்.

வாங்குங்கால்

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்தா. வெட்டுக்குறியின் இடமே வேறு. பழைய பலகையைக் கையில் கொண்டு சென்று, அதே வகையை ரசீதுடன் வாங்குக. டிடிஆர்5 பொருத்திய யந்திரம் முதன்முறை தொடங்கச் சில நிமிடம் ஆகலாம்; பதறி அணைத்துவிடலாகாது.

இவை யாவற்றினும் மேலானது, கணக்கின் பிரதியை நாள்தோறும் வேறோர் இடத்தில் எடுத்து வைப்பது. ராம் பலகையை இன்றே வாங்கலாம். இழந்த கணக்கைக் கடையில் வாங்க இயலாது. பிரதி எடுக்கப்படுகிறதா என்று பொதுக்குழுவில் கேட்பது ஒவ்வோர் அங்கத்தினரின் உரிமை. அவ்வுரிமையைப் பயன்படுத்துவோமாக.