பழைய துவக்குக்குப் புதிய மெருகு

எமது கிராமங்களில் றீகண்டிஷன் செய்யப்பட்ட உழவு இயந்திரம் ஒன்றை வாங்கப் போகிறவர் தனியே போவதில்லை. இயந்திரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார். கூடப் போகிறவர் பூசியிருக்கும் வர்ணத்தைப் பார்த்து மயங்குவதில்லை. அந்த வர்ணம் எதை மறைக்கிறது என்பதே அவருடைய கேள்வி.

அதே கேள்வியோடு எமக்குப் பழக்கமில்லாத ஒரு சந்தையை இம்முறை ஆராய்வோம். ஐக்கிய அமெரிக்காவில், இராணுவத்துக்கு இனித் தேவையில்லை என ஒதுக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்ட துவக்குகளைப் பொதுமக்கள் விலைகொடுத்து வாங்குகிறார்கள். 2009 இல் முடிந்த நீண்ட போரைக் கண்ட எமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் போர் முடிந்தபின் அதன் ஆயுதங்களுக்கு என்ன நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள இந்தச் சந்தை உதவும்.

1. துவக்கு எங்கிருந்து வருகிறது?

கனடாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஜோன் கரண்ட் என்பவர் மசாசுசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்ட் படைக்கலத் தொழிற்சாலையில் உருவாக்கிய துவக்கு எம்-1 கரண்ட். அமெரிக்க இராணுவம் அதனை 1936 இல் ஏற்றுக்கொண்டது. எட்டுத் தோட்டாக்கள் கொண்டது. நான்கு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடை உடையது. இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் அமெரிக்கப் போர்வீரனின் கையில் இருந்தது இதுவே. 1950களில் இதனைச் செய்தவர்களுள் உழவு இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற இன்ரர்நாஷனல் ஹார்வெஸ்ரர் நிறுவனமும் ஒன்று. மொத்தம் ஐம்பது இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன.

1957 இல் புதிய வகைத் துவக்கு தெரிவானதும் இவை மிகையாயின. பல, நட்பு நாடுகளுக்கு இரவலாகவும் உதவியாகவும் சென்றன. டென்மார்க், கிரேக்கம் போன்ற நாடுகளிலிருந்து பல்லாண்டுகளின் பின் திரும்பிவந்தவையே இன்று விற்பனைக்கு வருகின்றன.

2. புதுப்பித்தல் என்றால் என்ன?

துவக்கு முழுமையாகக் கழற்றப்படும். ஒவ்வொரு பாகமும் அளந்து பார்க்கப்படும். தேய்ந்தவை ஒதுக்கப்பட்டு, வேறு துவக்குகளின் நல்ல பாகங்கள் பொருத்தப்படும். தேவையானால் புதிய குழலும் புதிய மரப்பிடியும் இடப்படும். துரு பிடிக்காதிருக்க இரும்புக்கு பொஸ்பேற் பூச்சு ஏற்றப்படும். இதனால் ஒரு தொழிற்சாலையின் உடற்பகுதியில் இன்னொரு தொழிற்சாலையின் பாகங்கள் இருப்பது வழமை. அது குற்றமல்ல, இராணுவம் வேலை செய்யும் துவக்கைத்தான் விரும்பியது, வரலாற்றுப் பொருளை அல்ல.

சோவியத் ஒன்றியத்திலும் இதுவே நடந்தது. 1891 இல் ருஷ்யப் படை ஏற்றுக்கொண்டு, 1930 இல் திருத்தியமைக்கப்பட்ட மொசின்-நகான் துவக்குகள் போருக்குப் பின் பெருந்தொகையாகப் புதுப்பிக்கப்பட்டு, கிறீஸ் பூசிக் கிடங்குகளில் வைக்கப்பட்டன. பொருத்திய பாகங்களில் பழைய இலக்கத்தை வெட்டிவிட்டுத் துவக்கின் இலக்கத்தைப் பதித்தார்கள். ஆகவே இலக்கங்கள் ஒத்திருப்பதைக் கண்டு, எல்லாப் பாகங்களும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாக இருந்தவை என்று முடிவுசெய்யக் கூடாது.

3. வாங்குபவர் எதைப் பார்க்கிறார்?

(அ) குழல்: குழலின் உள்ளே சுருளாகச் செல்லும் வரிகளே சன்னத்தை நேராகச் செலுத்துகின்றன. தோட்டா இருக்கும் பக்கம் சூட்டினால் தேய்கிறது. கரண்ட் துவக்கில் முன்வாயும் தேய்கிறது. காரணம், அதனைத் துப்புரவாக்கும் கம்பியை வழமையாக முன்வாயால்தான் விடவேண்டும். பேணுகிற கையும் தேய்க்கிறது என்பது கவனிக்கத்தக்கது. இவ்விரு தேய்மானங்களையும் அளவுகோல் இட்டுப் பார்த்தே தரம் பிரிக்கிறார்கள்.

(ஆ) அடைப்பு: தோட்டாவைப் பின்னாலிருந்து தாங்கும் போல்ற்றுக்கும் தோட்டா அமரும் இடத்துக்கும் இடையிலான அளவு சரியாக இருக்கவேண்டும். கூடினால் தோட்டாவின் கோது வெடித்து, சுடுபவரையே காயப்படுத்தலாம். பாகங்கள் மாற்றப்பட்ட துவக்கில் இந்தச் சோதனை கட்டாயம்.

(இ) உப்பு: பழைய இராணுவத் தோட்டாக்கள் பல, வெடித்தபின் ஒருவகை உப்பைக் குழலில் விட்டுச்செல்கின்றன. அது காற்றின் ஈரத்தை இழுத்துத் துரு பிடிக்கச் செய்யும். எண்ணெய் மட்டும் போட்டால் போகாது. நீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, பின்னரே எண்ணெய் இடவேண்டும். கழுவாமல் விட்ட குழலைப் புதிய மெருகு வெளியே மறைக்கும், உள்ளே மறைக்காது.

(ஈ) தோட்டா: அளவு பொருந்தினாலும் இன்றைய வலுவான வேட்டைத் தோட்டாக்கள் கரண்டின் இயக்கத்தண்டை வளைத்துவிடலாம். அதற்கேற்ற தோட்டாவையே பயன்படுத்த வேண்டும்.

4. யார் வாங்கலாம்?

கரண்ட் துவக்குகளைப் பொதுமக்களுக்கு விற்பது, குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்காக 1903 இல் தொடங்கிய அரச திட்டத்தின் தொடர்ச்சி. 1996 இன் சட்டத்தால் அது இலாபநோக்கற்ற நிறுவனமாயிற்று. அங்கே வாங்குபவர் அமெரிக்கப் பிரஜை என்பதை நிறுவ வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கழகமொன்றில் அங்கத்தவராக இருக்கவேண்டும். குற்றப் பின்னணிச் சோதனையிலும் தேறவேண்டும். ஆனால் பல மாநிலங்களில் அதே துவக்கை அவர் பின்னர் இன்னொரு தனியாருக்கு விற்கும்போது அத்தகைய சோதனை சட்டப்படி கட்டாயமில்லை. முதல் வாங்குபவரைப் பற்றிய பதிவு இருக்கிறது. மூன்றாவது வாங்குபவரைப் பற்றி இல்லாமற் போகலாம்.

5. நாம் கற்பது

2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் புதுப்பித்த மொசின்-நகான் ஒன்றை அமெரிக்கக் கடைகளில் நூறு டொலருக்கும் குறைவாக வாங்க முடிந்தது. சேகரிப்பவர்கள் அதை ஒரு பழம்பொருளாகவே சுவரில் மாட்டினார்கள். 2022 இல் உக்ரேன் போரின்போது, டொனெற்ஸ்க் பகுதியில் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்ட ஆண்களின் கைகளில் அதே வகைத் துவக்குகள் காணப்பட்டன. ஒன்று நினைவுப் பொருள்; மற்றது போர்க்கருவி. இரும்பு ஒன்றே.

உழவு இயந்திரத்துக்கு வயது உண்டு. உதிரிப்பாகம் கிடைக்காத நாளில் அது வேலியோரம் நின்றுவிடும். எண்ணெயிட்டு வைத்த துவக்கு தானாக ஓய்வுபெறுவதில்லை. உருக்கி அழித்தால் ஒழிய, நூறு ஆண்டுகளின் பின்னும் சுடும். ஆகவே புதுப்பித்த துவக்கை ஆராய்பவர் குழலை மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது. அதைப் பின்தொடரும் பதிவையும், பதிவைப் பேணும் சட்டத்தையும், சட்டத்தை மதிக்கும் சமூகத்தையும் பார்க்கவேண்டும். இவற்றுள் ஒன்று தேய்ந்தாலும், அதை அளந்து காட்ட எந்த அளவுகோலும் இல்லை.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. போர் முடிந்தபின் மிகையாகும் ஆயுதங்களை அழிப்பது, சேமிப்பது, விற்பது ஆகிய மூன்றில் ஒவ்வொன்றாலும் வரும் நன்மை தீமைகள் எவை?

2. முதல் விற்பனையில் இருக்கும் சோதனை அடுத்த விற்பனையில் இல்லாவிட்டால் யார் பொறுப்பு?

3. புதிய மெருகைக் கண்டு ஏமாந்து நீங்கள் வாங்கிய பொருள் ஏதும் உண்டா? எந்தக் கேள்வியைக் கேட்க மறந்தீர்கள்?