விரைந்து செய்தலும் திருந்தச் செய்தலும்

மென்பொருள் என்னுஞ் சொல் இன்று நம் மாணவர் நாவில் இயல்பாக வழங்குகின்றது. ஆயின், அஃது எவ்வாறு ஆக்கப்படுகின்றது, எத்தகையோர் கூடி ஆக்குகின்றனர் என வினவின், கொழும்பிலோ பெங்களூரிலோ குளிரூட்டிய அறைகளில் அமர்ந்திருக்கும் கணித வல்லுநர் சிலரின் தொழில் அது என்றே பலரும் விடையிறுப்பர். தமிழாசிரியர்க்கு அதில் என்ன வேலை என்று எம்மை நோக்கிக் கேட்டாரும் உளர். அவ்வினாவுக்கு விடையாக, நம் கரையைத் தாக்கிய பேரிடரை அடுத்து நம் நாட்டிலேயே பிறந்து, பின்னர் பிற நாடுகளுக்குஞ் சென்ற ஒரு மென்பொருளின் வரலாற்றை இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விரும்புகின்றோம். அதன் பெயர் 'சகனா' என்பது. சிங்கள மொழியில் அச்சொல் நிவாரணம் எனப் பொருள்படும்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினம். சுமாத்திராவின் அருகே கடலடி அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துள் ஆழிப்பேரலை நம் கிழக்குக் கரையை அடைந்தது. வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடந்த நாவலடியும், கல்லடிக் கரையும் பட்ட பாட்டை இவ்வூரார்க்கு விரித்துரைத்தல் வேண்டா. இலங்கை முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். பாடசாலைகளும் கோயில்களும் தேவாலயங்களும் முகாம்களாயின. உண்ண உணவும் உடுக்க உடையும் போலவே மக்கள் அந்நாளில் தேடியலைந்தது ஒரு செய்தியை: எம்மவர் எங்கே உளர்?

அச்செய்தி எங்குமே இல்லாமற் போகவில்லை, சிதறிக் கிடந்தது. வைத்தியசாலையில் ஒரு பட்டியல், முகாமில் ஒரு பட்டியல், கிராம சேவையாளர் கையில் மற்றொன்று. ஒருவர் ஆங்கிலத்தில் எழுதினார், ஒருவர் தமிழில் எழுதினார். எந்த முகாமுக்கு எவ்வளவு அரிசி சென்றது என்பதும் அவ்வாறே. ஒரே முகாமுக்கு மூன்று நிறுவனங்கள் பால்மா கொண்டுசெல்ல, அடுத்த முகாம் வெறுங்கையோடு இருத்தல் இத்தகைய வேளைகளில் நேர்வதுண்டு.

இந்நிலையிலே இலங்கையின் கணினித் துறையைச் சேர்ந்த தொண்டர்கள் கூடினர். அவர்களை ஒருங்கிணைத்தது இலங்கை மென்பொருள் மன்றம். அதனை 2003இல் நிறுவியோருள் ஒருவர் சஞ்சீவ வீரவரண. மென்பொருட் பணிக்குத் தலைமை தாங்கியோருள் சமிந்திர டி சில்வா குறிப்பிடத்தக்கவர். காணாமற் போனோர் பதிவேடு, நிவாரண நிறுவனங்களின் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, தேவைகளையும் உதவிகளையும் பொருத்திப் பார்க்கும் பகுதி எனப் பிரித்து, சில வாரங்களுக்குள் இயங்கத்தக்க ஒரு மென்பொருளை ஆக்கித் தந்தனர். அரசின் தேசிய நடவடிக்கை நிலையம் அதனைப் பயன்படுத்தியது.

சில வாரங்களில் இஃது எங்ஙனம் இயன்றது? அதற்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகளின் முன்னர், 2001 பெப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மலைவாழிடம் ஒன்றிலே பதினேழு மென்பொருள் வல்லுநர் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டனர். கருவிகளினும் மனிதரின் உறவாடல் பெரிது. பக்கம் பக்கமாக எழுதிய ஆவணத்தினும் இயங்கும் மென்பொருள் பெரிது. ஒப்பந்தச் சொற்களினும் பயன்படுத்துவோரின் ஒத்துழைப்புப் பெரிது. முன்வகுத்த திட்டத்தினும் மாற்றத்துக்கு இசைதல் பெரிது என்பன அதன் கருத்துக்கள். சிறிதாகச் செய்து, பயன்படுத்துவோரிடம் காட்டி, அவர் குறை கூறக் கேட்டுத் திருத்தி, மீண்டுங் காட்டுதல் இம்முறை. இதனை நாம் 'சுறுசுறுப்பு முறை' எனலாம். ஆழிப்பேரலைக் காலத்தில் ஆறு திங்கள் இருந்து திட்டந் தீட்ட எவர்க்கும் அவகாசம் இருக்கவில்லை. இம்முறை ஒன்றே கைகொடுக்கக் கூடியதாயிருந்தது.

எனினும், முறையை அறிந்த அளவில் விரைவு வந்துவிடாது. 1999இல் நிறுவப்பெற்ற அப்பாச்சி மென்பொருள் மன்றத்தின் பணிகளிலே (யாழ்ப்பாணத்தார் தந்தையின் தாயை அழைக்கும் பெயரென்று மயங்கற்க) இலங்கை நிரலாளர் சிலர் முன்னரே ஈடுபட்டிருந்தனர். முகமறியா வெளிநாட்டாரோடு நிரலைப் பகிர்ந்தெழுதும் பழக்கம் அவர்க்கு இருந்தது. அலை வந்த பின்னர் கற்றுக்கொண்ட பழக்கம் அன்று அது. நாட்டின் செய்தித்தாள்கள் தொண்டர்களின் வேகத்தைப் பாராட்டின அளவுக்கு இவ்வாயத்தத்தைப் பாராட்டவில்லை என்பது எமது கருத்து.

பலர் கூடினால் வேலை விரையும் என்பதும் முழுவதும் உண்மையன்று. ஐ.பி.எம். நிறுவனத்தின் பெருங்கணினிகளுக்குரிய மென்பொருளாக்கத்தை நடத்திய பிரெடெரிக் புரூக்சு என்பார் 1975இல் வெளியிட்ட நூலிலே, காலந்தாழ்ந்த பணியில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது மேலுந் தாழும் என்று காட்டினார். ஐவர் கூடின் அவர்க்கிடையே பேச்சுவழிகள் பத்து. பதின்மர் கூடின் நாற்பத்தைந்து. ஐம்பதின்மர் கூடின் 1,225. பேசித் தீர்ப்பதிலேயே பொழுது கழியும். ஆதலின், வேலையைத் தனித்தனிக் கூறுகளாக வகுத்து, கூறுகள் பொருந்தும் இடத்தை மட்டும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளல் வேண்டும். கரைவலை இழுப்பாரைப் பார்த்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வலையின் இரு தலைக் கயிறுகளையும் இரு கூட்டத்தார் கரையிலே தொலைவாக நின்று இழுப்பர். ஒரு கூட்டத்தாரின் வேலையில் மற்றவர் தலையிடுவதில்லை. ஆயின், ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும், மீன் தப்பும். அதனால் இரு பக்கத்தையும் நோக்கிக் குரல் கொடுப்பான் ஒருவன் நடுவே நிற்பான். மடி கரையை நெருங்க நெருங்க இரு கூட்டத்தாரும் அண்மித்து வருவர். சகனாவின் பதிவேடுகள் தனித்தனிக் கூறுகளாக அமைந்தமையும் இவ்வகையினதே.

இனிச் செம்மை. அவசரத்திற் பிறந்த முதல் ஆக்கம் அவ்வேளைக்கு உதவிற்று. அடுத்த இடருக்கும் பிற நாட்டுக்கும் அவ்வாறே பொருந்துவதாய் இருக்கவில்லை. எனவே, சுவீடன் நாட்டு உதவி நிறுவனத்தின் ஆதரவோடு, அதனை அடிமுதல் மீண்டும் எழுதினர். எவரும் இலவசமாகப் பெறலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் உரிமத்தோடு அது வெளியாயிற்று. இயங்கிக்கொண்டிருந்த ஒன்றைக் களைந்து புதிதாகச் செய்யத் துணிந்தமையே இவ்வரலாற்றில் எம்மை மிகவும் கவர்ந்த செய்தி. ஒருமுறை எழுதிய கட்டுரையைத் திருத்தி எழுதுக என்றால் நம் மாணவர் முகம் வாடுவதை அன்றாடம் காண்கின்றோம் அன்றோ!

செம்மை என்பது பெரும்பாலும் சிறு பொருள்களில் உள்ளது. காணாமற் போனோர் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். அதன் உயிர்நாடி பெயர். முகாமில் ஒருவர் பதிந்த பெயரும், தேடி வந்த தாய் கூறும் பெயரும் கணினிக்கு ஒன்றாகத் தோன்றுதல் வேண்டும். ஆங்கில எழுத்திலே நம் பெயர்கள் படும் பாடு சொல்லுந்தரமன்று. கணேசன் என்பதை ஒருவர் 'கே' இட்டுத் தொடங்குவர், மற்றவர் 'ஜி' இட்டுத் தொடங்குவர். தர்மலிங்கம் இலங்கையிலே பெரும்பாலும் 'ரி'யிலே தொடங்கும்; இந்தியாவிலே 'டி'யிலே தொடங்கும்.

எழுத்து வேறுபடினும் ஒலி ஒத்த பெயர்களைச் சேர்த்தறிய, இரசல் என்னும் அமெரிக்கர் 1918இலேயே ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். 'சவுண்டெக்சு' என அது வழங்குகின்றது. பெயரின் முதலெழுத்தை அவ்வாறே வைத்துக்கொள்ளல் வேண்டும். ஏனையவற்றுள் உயிர்களை நீக்கி, மெய்களை ஆறு கூட்டமாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தல் வேண்டும். 'டி', 'ரி' என்பவற்றுக்கு 3, 'எல்' என்பதற்கு 4, 'எம்', 'என்' என்பவற்றுக்கு 5, 'ஆர்' என்பதற்கு 6, இவ்வாறு செல்லும். கந்தையா என்னும் பெயரை இருவர் இருவிதமாக எழுதினும், ஒருவர் 'டி'யும் மற்றவர் 'ரி'யும் இடினும், இரண்டும் 'கே530' என்றே முடியும். நன்று.

ஆயின், கணேசனிடம் இம்முறை தோற்கின்றது. முதலெழுத்து மாறாது நிற்பதால் ஒன்று 'கே525', மற்றொன்று 'ஜி525'. யாழினியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ழகரத்தைக் குறிக்க 'இசட்'டும் 'எச்'சும் இட்டார்க்கு 250. 'எல்' இட்டார்க்கு 450. மகளைத் தேடும் தாயிடம் கணினி 'இல்லை' என்று கூறிவிடும். மகளோ வாவியின் அக்கரை முகாமில் இருப்பாள். நிரலில் ஒரு பிழையும் இராது. பிழை, நிரலாளர் கூட்டத்தில் தமிழின் ஒலியியல்பு தெரிந்தார் இல்லாமையே.

மயங்கொலிச் சொற்களை நம் வகுப்புக்களில் எத்துணை ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றோம்! லகர ளகர ழகரங்கள், நகர ணகர னகரங்கள், ரகர றகரங்கள் ஒன்றற்கொன்று மயங்கும் என்பது ஆறாம் வகுப்பு மாணவனும் அறிந்தது. அவ்வறிவையே விதியாக்கி, பெயரை முதலிலே தமிழ் எழுத்திற் கொணர்ந்து, மயங்கும் ஒலிகளை ஒரே குறியிட்டு ஒப்பிடின், கணேசனும் யாழினியும் தப்பமாட்டார். க என்னும் ஓரெழுத்தே ஆங்கிலத்து 'கே'க்கும் 'ஜி'க்கும் நிற்பது அந்நிலையில் நமக்குத் துணையாகின்றது. வடவெழுத்துப் பெயர்க்கும் சண்முகம், ஷண்முகம் என்றாற்போல விதி வகுத்தல் வேண்டும். ஊர்ப்பெயரிலும் இத்தொல்லை உண்டு: களுவாஞ்சிகுடி ஒருவர் கையில் களுவாஞ்சிக்குடி ஆகும், நாவற்குடா நாவல்குடா ஆகும். இவை ஒன்றே என அறிந்து கூறுவார் உள்ளூரவரன்றி வேறு யார்?

தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னும் வரும் நம் வழக்கமும், குடும்பப் பெயரை வேண்டி நிற்கும் படிவத்தோடு முரணும். இது நமக்கு மட்டும் உரிய குறையன்று. சாவகத்திலே ஒரே பெயர் உடையார் பலர். பெருவிலே இரு குடும்பப் பெயர்கள் வழங்கும். சகனா 2005 ஒக்டோபர் நிலநடுக்கத்தின் பின் பாகிசுத்தானுக்கும், 2006இல் மண்சரிவுக்குள்ளான பிலிப்பைன்சுக்கும் சாவகத்தின் யோக்யகர்த்தாவுக்கும், 2007இல் பெருவுக்கும் சென்றது. ஒவ்வோர் இடத்தும் அவ்வூரார் உடனிருந்து சொல்லாவிடின், படிவத்தின் ஒரு கட்டங்கூடச் சரிவர அமையாது. 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் மன்றம் சகனாவுக்கு வழங்கியது. 2009இல் அதற்கெனத் தனி மன்றம் ஒன்று அமெரிக்காவிற் பதிவாயிற்று.

2010 சனவரி 12 மாலை எயிட்டி நாடு அதிர்ந்தபோது நமக்கு மறுநாள் விடியற்காலை மூன்றரை மணி. பல நாட்டுத் தொண்டர்கள் சேர்ந்து, அந்நாட்டு வைத்தியசாலைகளின் நிலையைப் பதியும் பகுதியை விரைவில் ஆக்கினர். ஒரு நாட்டார் உறங்கச் செல்லும்போது மறு நாட்டார் எழுவராதலின் வேலை தொடரலாம்; ஆனால் விட்ட இடம் எதுவென்று எழுதி வையாதவன் அடுத்தவனின் பகற்பொழுதையும் கெடுப்பான். இதற்கென நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும், மாற்றியவர் பெயர், நேரம், காரணம் ஆகியவற்றோடு காக்கும் களஞ்சியம் ஒன்று உண்டு. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பாடபேதங்களோடு பட்ட அல்லலை எண்ணுங்கால், ஏடெழுதினார் ஒவ்வொருவரும் இவ்வாறு பெயரும் நாளும் குறித்து வைத்திருந்தால் அவர் ஆயுளிற் பாதி மிஞ்சியிருக்குமே என்று தோன்றுகின்றது.

நம் மண்ணின் விபுலானந்த அடிகளார் 1936இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். அறிவியலும் தமிழும் ஒருங்கே கற்றவர். அவர் 1929இல் நிறுவிய சிவானந்த வித்தியாலயம் அலை வந்த அதே கல்லடியில் உள்ளது. மொழி கற்றாரும் கணிதங் கற்றாரும் ஒரே மேசையில் அமர்தல் இவ்வூர்க்குப் புதிதன்று.

மாணவர்க்கு ஒரு பயிற்சி. உம் பெயரையும் உம் தந்தை பெயரையும் பிறப்புச் சான்றிதழ், பாடசாலைப் பதிவேடு, வங்கிப் புத்தகம் ஆகிய மூன்றிலும் உள்ளவாறே எழுதுக. மேற்கூறிய முறைப்படி ஒவ்வொன்றுக்கும் எண் காண்க. விடுபட்ட கூட்டங்களுள் 'பி', 'எப்', 'வி' ஆகியவற்றுக்கு 1. 'சி', 'ஜி', 'கே', 'எசு', 'இசட்' முதலியவற்றுக்கு 2 எனக் கொள்க. 'எச்', 'டபிள்யூ', 'வை' ஆகியன எண் பெறா. ஒரே எண் அடுத்தடுத்து வரின் ஒருமுறையே எழுதுக; மூன்று எண்களுடன் நிறுத்துக; குறையின் சுழியம் சேர்க்க. எண்கள் வேறுபடுமாயின், எவ்வெழுத்தால் வேறுபட்டன என்று குறித்து, அவற்றை ஒன்றாக்கும் விதியைத் தமிழிலே எழுதிக் கணினி ஆசிரியரிடமும் தமிழாசிரியரிடமும் காட்டுக.