அல்லங்காடி

நுழையும்முன்

மதுரைக்காஞ்சி காட்டும் அங்காடித் தொழில்களுள் எவையெவை இன்றைய மதுரையில் நிலைத்துள்ளன? மாலை நேரக் கடைவீதியில் நடந்தவாறே அவற்றைத் தேடுகிறது இப்பாடம்.

பத்துப்பாட்டுள் மிகப் பெரியது மதுரைக்காஞ்சி. 782 அடிகளை உடையது. பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்த வந்த மாங்குடி மருதனார், அவனது நகரைப் பகலிலும் இரவிலும் நமக்குச் சுற்றிக் காட்டுகிறார். பகற்கடை நாளங்காடி, மாலையில் கூடுவது அல்லங்காடி. அதன் ஆரவாரத்துக்குப் பலவகைப் பறவைகள் ஒருங்கே எழுப்பும் ஒலியை அவர் உவமையாக்குகிறார். விளக்குத்தூண் அருகே, துணிக்கடைகளின் நெரிசலில் மாலையில் நிற்பவருக்கு இவ்வுவமையை விளக்க உரையாசிரியர் வேண்டியதில்லை.

சங்கறுப்போர், மணிகளைத் துளையிடுவோர், பொன்னை உரைத்துப் பார்ப்போர், ஆடை விற்போர், செம்பை நிறுத்து வாங்குவோர், பூவும் நறும்புகைப் பொருளும் ஆய்வோர் எனப் புலவரின் பட்டியல் நீள்கிறது. கோயிலைச் சூழ்ந்த சதுர வீதிகள் நாயக்கர் காலத்தில் ஒழுங்குபெற்றவை. ஆதலால் தெருவோடு தெருவை ஒப்பிடுதல் பொருந்தாது; தொழிலோடு தொழிலை ஒப்பிடலாம். சங்கறுப்போரை இன்று காண்பது அரிது. பொன் வணிகமோ தெற்கு ஆவணி மூல வீதியில் ஒளிர்கிறது.

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்கென எழுப்பியது அது. பின்னாளில் அதுவே கடைவீதியாயிற்று. நாயக்க மன்னர்களின் சிலைகளுக்கிடையே தையல் இயந்திரங்கள் ஓடின. வளையல், பாடநூல், பூசைப் பொருள் என எல்லாம் அங்கே கிடைத்தன. அண்மையில் அக்கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. துணிமூட்டைகளுக்குப் பின்னால் மறைந்திருந்த தூண்களுக்கு அது நன்மையே. ஆயினும், தலைமுறைகளாக அங்கே தைத்தவர்களும் அம்மண்டப வரலாற்றின் ஒரு பகுதியல்லரா? சிற்பத்தைக் காக்கும் அக்கறையில் ஒரு பங்கு அவர்களுக்கும் உரியது.

அதற்குக் கிழக்கே, முற்றுப்பெறாத இராயகோபுரம். அதன் பக்கத்தில் பாத்திரக் கடைகள். பித்தளைக் குடத்தின் விலையைத் தராசுதான் சொல்கிறது. செம்பை நிறுத்தவர்களின் வழக்கம் இங்கே மாறவில்லை.

வீதியோரத்தில் பூக்காரப் பெண்கள் முழங்கையால் அளந்து சரத்தைத் துண்டிக்கிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்றது மதுரை மல்லி. நேரம் ஏற ஏற அவர்களின் குரல் உயர்கிறது, விலை தாழ்கிறது. மொட்டாக வாங்கிய சரம் வீடு சேர்வதற்குள் மலர்ந்துவிடும்.