நிலமும் மலரும்

பண்டைத் தமிழர் நிலத்திற்கு மலரின் பெயரை இட்டு வழங்கினர். மலைசார்ந்த நிலம் குறிஞ்சி எனப்பட்டது. காடு சார்ந்த நிலம் முல்லை எனப்பட்டது. மலரும் நிலமும் பிரிக்கவொண்ணாதவை என்பதை இப்பெயர்கள் உணர்த்தும். இவ்வுண்மை தமிழகத்து மலர்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டின் ஒரு மணல்மேட்டில் வாழும் சிறு செடியின் வரலாறும் இதனையே காட்டுகின்றது.

துளசி, தும்பை, புதினா ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நாற்கோணத் தண்டும், உதடுபோல் விரிந்த பூவும் அக்குடும்பத்தின் அடையாளங்கள். டைசெரண்ட்ரா புரூட்டெசென்ஸ் என்னும் அருஞ்செடியும் அக்குடும்பத்ததே. ஷின்னர்ஸ் என்னும் தாவர நூலறிஞர் 1962-ஆம் ஆண்டில் இதற்கு இப்பெயரைச் சூட்டினார். இதனைத் தமிழில் புதர்ப்புதினா எனலாம். இஃது ஏறத்தாழ ஒரு முழ உயரமே வளரும். இலையைக் கசக்கினால் புதினாவின் மணம் கமழும். வெண்ணிற மலர்களில் செந்நீலப் புள்ளிகள் விளங்கும். தேனீயைப் போலத் தோன்றும் ஒருவகை ஈ இம்மலர்களை நாடி வந்து மகரந்தத்தைச் சுமந்து செல்லும்.

புளோரிடா மாநிலத்தின் நடுவே லேக் வேல்ஸ் என்னும் மேட்டுநிலம் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கின்றது. மிகப் பழங்காலத்தில் கடல் உயர்ந்திருந்தபோது, அம்மேடு தீவுகளாகத் தனித்து நின்றது. ஆதலின், வேறெங்கும் காணப்பெறாத உயிர்கள் பல அங்குத் தோன்றி நிலைத்தன. புதர்ப்புதினா அம்மேட்டின் தென்பகுதியில் மட்டுமே இயற்கையாக வாழ்கின்றது.

அம்மணலில் மழைநீர் தங்குவதில்லை, உரமும் குறைவு. அந்நிலத்திற்கு மற்றோர் இயல்பும் உண்டு. இடி விழுவதால் அங்கு அவ்வப்போது தீ மூளும். அத்தீயில் புதர்ப்புதினா எரிந்து மடியும். ஆயினும், மணலுள் கிடக்கும் அதன் விதைகள் பின்னர் முளைக்கும். ஓங்கிய புதர்கள் எரிந்தொழிதலால் வெயில் படும் வெற்றிடம் இளஞ்செடிகளுக்குக் கிடைக்கின்றது. மக்கள் நன்மை கருதித் தீயை முற்றிலும் தடுத்தபோதோ, புதர்கள் அடர்ந்து நிழல் செய்தன. இச்செடி மெலிந்து குன்றியது. காட்டுத் தீ கேடே என எண்ணுவோர்க்கு இது வியப்பளிக்கும்.

1941-ஆம் ஆண்டு முதல் அம்மேட்டில் ஆர்ச்போல்டு உயிரியல் ஆய்வு நிலையம் இயங்கி வருகின்றது. அங்குச் சென்ற தாமஸ் ஐஸ்னர் என்னும் அறிஞர், இச்செடியின் இலைகளைப் பூச்சிகள் பெரிதும் தீண்டாதிருத்தலைக் கண்டார். அவரும் அவர் துணைவரும் ஆராய்ந்து, இலையினுள் உள்ள நறுமண எண்ணெய் எறும்புகளை விரட்டுதலைக் கண்டறிந்து 1990-இல் வெளியிட்டனர். அவ்வெண்ணெயின் முதன்மைப் பொருள், அதுகாறும் இயற்கையில் அறியப்படாதது. ஒருவகை அந்துப்பூச்சியின் புழுவோ இவ்விலையை அஞ்சாது உண்ணும். பகை நெருங்கின் அவ்வெண்ணெயையே கக்கித் தன்னைக் காத்துக்கொள்ளும். இச்செடி முன்னரே அழிந்திருப்பின், இவ்வுண்மைகளும் அதனோடு மறைந்திருக்கும் அன்றோ?

அம்மேட்டின் இயற்கை நிலத்தில் 100-க்கு ஏறத்தாழ 85 பங்கு ஆரஞ்சுத் தோட்டங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டது. 1985-இல் அமெரிக்க அரசு இச்செடியை அழிவை எதிர்நோக்கும் உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. ஆய்வு நிலையத்தார் காலமறிந்து, காவலோடு தீயிட்டு நிலத்தைப் பேணுகின்றனர்.

ஒரு செடியைத் தொட்டியில் நட்டு நீர் வார்த்துக் காத்தல் எளிது. ஆனால் அதன் மணலும், மகரந்தம் சுமக்கும் ஈயும், இலையுண்ணும் புழுவும், வழிவிடும் தீயும் தொட்டியில் அடங்குவன அல்ல. மலரைக் காக்க விழைவோர் அதன் நிலத்தைக் காத்தல் வேண்டும். நிலத்தை மலரின் பெயரால் அழைத்த முன்னோர் மரபும் இவ்வுறவையே நினைவூட்டுகின்றது.