இந்த முள் என்ன வேலை பார்த்தது?

கேள்வி: அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பச்சை நிற எஸ்டர்புரூக் பேனா ஒன்று கிடைத்தது. நிப்பில் 2314 என்ற எண் இருக்கிறது. முனை உருண்டையாக இல்லாமல், உளியைச் சாய்த்துச் சீவியதுபோல் இருக்கிறது. கடைக்காரர், "தேஞ்சு போச்சு சார், வேற நிப் போட்டுக்குங்க" என்கிறார். மாற்றிவிடலாமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: மாற்றாதீர்கள். அது தேயவில்லை, பிறந்ததே அப்படித்தான்.

எஸ்டர்புரூக் கம்பெனி 1858-ல் அமெரிக்காவின் கேம்டன் நகரில் தொடங்கியது. மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுதும் கட்டைப்பேனா முள்தான் அவர்களுடைய ஆதித் தொழில். ஒவ்வொரு முள்ளுக்கும் ஓர் எண் உண்டு: 048 என்றால் ஃபால்கன், 314 என்றால் ரிலீஃப். பிறகு மை நிரப்பும் பேனாவுக்கு, திருகிக் கழற்றி மாற்றும் நிப்களைச் செய்தபோது பழைய எண்களில் பலவற்றை அப்படியே வைத்துக்கொண்டு முன்னால் ஓர் இலக்கத்தை மட்டும் ஒட்டினார்கள். 048 இப்படித்தான் 2048 ஆனது. உங்கள் 2314, அந்த ரிலீஃப் முள்ளின் வாரிசு. சாய்ந்த, தட்டையான முனைதான் அதன் அடையாளம்.

முதல் இலக்கம் முனை எதனால் ஆனது என்று சொல்லும். 1, 2 என்று தொடங்கினால் எஃகையே முனையில் உருட்டி விட்டிருப்பார்கள். 9 என்று தொடங்கினால் எஃகின் நுனியில் தேயாத கடின உலோகப் பொட்டு ஒன்று இருக்கும். மீதி மூன்று இலக்கங்கள்தான் சுவாரஸ்யம். அவை வேலையைச் சொல்லும். 9550 கணக்குப் பேரேட்டின் குறுகிய கட்டங்களுக்கான மெல்லிய முள். 9460 கார்பன் தாள் வைத்து நகலெடுப்பதற்கு, வளையவே வளையாது. 1555 கிரெக் சுருக்கெழுத்துக்காரர்களுக்கு. கிரெக் முறையில் கோட்டின் தடிமனுக்கு அர்த்தமில்லை, அதனால் விறைப்பான முள் போதும். நம் ஊர் இன்ஸ்டிட்யூட்டுகளில் கற்றுக்கொடுத்த பிட்மன் அப்படியல்ல. தமிழில் நாம் ஒரே 'ப'வால் எழுதிவிடும் இரண்டு ஒலிகளை அது மெல்லிய கோடு, தடித்த கோடு என்று பிரிக்கும். அதற்கு அழுத்தினால் விரிகிற முள் வேண்டும். பழைய ஸ்டெனோ ஒருவரின் மேசையில் வளையும் நிப்பைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது, "ஐயா, பிட்மனா?" என்றுதான்.

கடைக்காரர் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு. பொட்டு இல்லாத எஃகு முனைகள் நிஜமாகவே தேயும். ஒருவர் இருபது வருஷம் ஒரே சாய்வில் பிடித்து எழுதினால் சாதாரண நிப்கூட உளி மாதிரி ஆகிவிடும். பிரித்தறிய பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் போதும். தேய்ந்த முனையில், காகிதத்தைத் தொட்ட அந்த ஒரு பக்கம் மட்டும் கண்ணாடிபோல் மழுங்கிப் பளபளக்கும். அதன் விளிம்பு பிசிறாக, கூராக இருக்கும். கம்பெனி சீவிய முனையில் அடி, மேல், ஓரம் எல்லாம் ஒரே சீராக மழித்திருக்கும். அதோடு எண்ணையும் முனையையும் சேர்த்துப் பாருங்கள். 2314-ல் சாய்வு இருந்தால் அது வடிவம். பொது எழுத்துக்கான 2668-ல் அதே சாய்வு இருந்தால், அது யாரோ ஒருவருடைய கை.

எழுதும்போது முனை முழுதும் காகிதத்தில் படியும்படி பேனாவைக் கொஞ்சம் உருட்டிப் பிடியுங்கள். முதல் நாள் கீறும். இரண்டாம் நாள் கை கண்டுபிடித்துவிடும்.

கேள்வி: பெயர் தெரியாத கறுப்புப் பேனா ஒன்றில் 'வாரண்டட் 14' என்று ஆங்கிலத்தில் பொறித்த நிப் இருக்கிறது. கம்பெனிப் பெயரே இல்லை. போலியா?
— வாசகர், மதுரை

பதில்: போலி என்று சொல்லிவிட முடியாது. சொந்தமாக நிப் செய்ய வசதியில்லாத சிறிய பேனாக் கம்பெனிகள், நிப் மட்டுமே செய்பவர்களிடம் வாங்கிப் பொருத்தியவை இவை. உடைந்த நிப்புக்கு மாற்றாகவும் போட்டார்கள். 14 காரட் என்றால் நூற்றுக்கு 58 பங்குக்குச் சற்று மேலே தங்கம். ஐரோப்பிய நிப்களில் 585 என்றும் சோவியத் நிப்களில் 583 என்றும் பொறித்திருப்பதும் இதே கணக்குதான். காந்தம் ஒட்டினால் அது தங்கமல்ல. ஒட்டாவிட்டால் தங்கம் என்று துள்ளாதீர்கள், காந்தம் பிடிக்காத எஃகும் உண்டு.

பெயரில்லாத இவற்றுள் சில அபாரமாக வளையும். தெரிந்துகொள்ளக் கட்டைவிரல் நகத்தில் அழுத்திப் பார்ப்பார்கள். நானும் அப்படிப் பார்த்து ஒரு நல்ல நிப்பின் இரண்டு கால்களையும் அகட்டி வைத்தேன். அவை பிறகு சேரவே இல்லை. மை போட்டு, மேலிருந்து கீழாக ஒரே கோடு மெதுவாக இழுங்கள். லேசான அழுத்தத்துக்கே கோடு அகன்றால் வளையும் நிப். அகலாவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.

கேள்வி: தாத்தாவின் வாட்டர்மேன் நிப்பில் 'பிங்க்' என்று பொறித்திருக்கிறது. துளை சாவித் துவாரம் போல இருக்கிறது. நிப்போ ரோஸ் நிறமில்லை!
— வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: நிறம் நிப்பில் இல்லை அம்மா, மூடியில் இருக்க வேண்டும். வாட்டர்மேன் 1927-ல் கொண்டுவந்த ஏழாம் எண் பேனாவில் நிப்பின் குணத்தை நிறத்தின் பெயரால் குறித்தார்கள். சிவப்பு பொது எழுத்துக்கு, பச்சை விறைப்பு, ஊதா விறைப்பான மெல்லியது, நீலம் தட்டை முனை. பிங்க் என்றால் மெல்லியது, வளைவது. சேகரிப்பவர்கள் அதிகம் தேடுவது அதைத்தான். மூடியில் அதே நிறத்தில் ஒரு வளையம் ஓடும். உங்கள் மூடி வளையமும் ரோஸ் என்றால் பேனாவும் நிப்பும் சேர்ந்தே பிறந்தவை. வேறு நிறம் என்றால் நடுவில் யாரோ நிப்பையோ மூடியையோ மாற்றியிருக்கிறார்கள். வளையத்தின் நிறத்தை எழுதி அனுப்புங்கள்.