நூலைத் தேடுதலும் பேணுதலும்

மாணாக்கர்காள்! பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் நூலை மூடிவைப்பது கல்வியன்று. ஆயுள் முழுதும் கற்பவனே கற்றவன் என்க. இதற்குச் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் சான்றாவார்.

அவர் 1832இற் சிறுப்பிட்டியிற் பிறந்து, வட்டுக்கோட்டை அமெரிக்க மிஷன் செமினரியிற் பயின்று, சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பி. ஏ. பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். உத்தியோகத்தில் உயர்ந்தும் கற்றலை விட்டிலர். செல்லரித்த ஏடுகளைப் பலவிடத்துந் தேடி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இற் கலித்தொகையையும் அச்சேற்றினார்.

ஒருவர் வீட்டுப் பரணிற் கிடக்கும் ஏடு கறையானுக்கு இரை; படிகள் பலவாகிப் பலர் கைச் சேர்ந்தபின் அதற்கு அழிவு அரிது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. வேறு பிரதியில்லாத ஏடுகள் மீண்டில. அச்சாகிப் பல இல்லங்களிற் புகுந்த கலித்தொகையோ அழிந்திலது.

நல்ல நூலைத் தேர்வது எங்ஙனமெனின், இரண்டாமுறையும் படிக்கத் தூண்டுவதே நல்ல நூல். அதன் முகவுரையிற் புகழப்படும் நூலை அடுத்துத் தேடுக.

வல்வெட்டித்துறைச் சிறார்காள்! இன்றே வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து பாருங்கள். பாட்டனார் வைத்த நூலொன்று கிடைப்பின், தூசு துடைத்துப் படியுங்கள். அயலாருக்கும் படிக்கக் கொடுங்கள். படிப்பாரில்லாத நூல் தீயின்றியே அழியும்.