பூட்டிய வீட்டுக்கு ஒரு காவல்

டில்லியில் வாழும் நம்மவர் அனைவரும் அறிந்த கவலைதான் இது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படுவோம். வண்டி ஆக்ராவைத் தாண்டுவதற்குள், "பால்கனிக் கதவைத் தாழ் போட்டீர்களா?" என்று வீட்டில் கேட்பார்கள்.

2023 மே மாதம் நாங்கள் திருநெல்வேலியில் இருந்தபோது, எங்கள் மயூர் விஹார் வீட்டின் பூட்டு உடைக்கப்பட்டது. அம்மாவின் வெள்ளிக் குத்துவிளக்கு போயிற்று. வாசலில் காமிரா இருந்தது. ஆனால் அது படங்களை இண்டர்நெட் வழியே கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு அனுப்பித்தான் சேமிக்கும். அந்த வாரம் இண்டர்நெட் அறுந்து கிடந்தது. போலீசாரிடம் காட்ட ஒரு படமும் இல்லை. அதன்பின், வீட்டுக்குள்ளேயே இயங்கும் காவலை நானே கற்று அமைத்தேன். கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் கதவு. நிலையில் ஒரு சிறு கருவி, கதவில் ஒரு காந்தம். கருவிக்குள் கண்ணாடிக் குழாயில் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் உண்டு. காந்தம் அருகில் இருக்கும்வரை அவை ஒட்டியிருக்கும். கதவு திறந்தால் பிரியும். உடனே 'ஜிக்பீ' என்னும் ரேடியோ அலையில் செய்தி போகும். இதற்கு மின்சாரம் மிகக் குறைவாகவே செலவாகும்; நாணயம் போன்ற சிறிய பாட்டரியே போதும்.

அடுத்து, செய்தியை வாங்கும் மூளை. 'ராஸ்பெர்ரி பை' என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டரில், 2013-ல் தொடங்கப்பட்ட 'ஹோம் அசிஸ்டெண்ட்' என்ற இலவச மென்பொருளைப் பதிய வேண்டும். ஜிக்பீ ரிசீவரை அதில் செருக வேண்டும். "ஆள் இல்லாதபோது கதவு திறந்தால் சைரனை ஒலி, எனக்குச் செய்தி அனுப்பு" என்று விதி எழுதினேன். இண்டர்நெட் அறுந்தால் செய்தி வராது. சைரன் மட்டும் ஒலிக்கும்.

மூன்றாவது காமிரா. 'ஆர்.டி.எஸ்.பி.' வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். இருந்தால் வீட்டு டிஸ்க்கிலேயே பதியலாம். விநாடிக்கு 2 மெகாபிட் என்றால் ஒரு நாளைக்கு 21.6 கிகாபைட், 1 டெராபைட் டிஸ்க்கில் 46 நாள் படம் நிற்கும். ஒரு மாத விடுமுறைக்குத் தாராளம். டிஸ்க்கைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். காமிரா நம் வாசலை மட்டும் பார்க்கட்டும். அண்டை வீட்டாரின் கதவைப் பார்ப்பது மரியாதையல்ல.

இவை அனைத்தையும் யு.பி.எஸ்.ஸில் இணையுங்கள்; கோடையில் மின்வெட்டு சொல்லிக்கொண்டு வருவதில்லை.

பாஸ்வேர்டையும் மறக்கக் கூடாது. 2016-ல் 'மிராய்' என்ற தீய நிரல், பாக்டரியில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத எத்தனையோ காமிராக்களைக் கைப்பற்றியது. வாங்கிய அன்றே மாற்றுங்கள். காமிரா வெளி இண்டர்நெட்டைத் தொடாதபடி ரவுட்டரில் தடுத்துவிடுங்கள்.

சென்ற கோடையில் ஓர் இரவு, ஊரில் இருந்த எனக்குச் செய்தி வந்தது: பால்கனிக் கதவு திறந்திருக்கிறது! சாவி வைத்திருக்கும் எதிர்வீட்டுப் பஞ்சாபி அன்பரை அழைத்தேன். போய்ப் பார்த்தவர், "காற்றுதான். தாழ் போட்டுவிட்டேன், நிம்மதியாகத் தூங்குங்கள்" என்றார்.

கருவி கூப்பிடத்தான் செய்யும். ஓடி வருவது அண்டை வீட்டார். ஊருக்குப் புறப்படுமுன் அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.